விலா எலும்புக்கான சன்னம்

குமுதினி வேட்டைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து சொந்தக்காரர் எல்லோரும் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம், இங்கே வந்து சொந்தக் காசில் துவக்கு வாங்குமா? கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் மச்சாள் யோகம் இதைக் கோயில் திருவிழாவில் நாலு பேருக்கு முன்னால் வைத்தே கேட்டாள். குமுதினியை முந்திக்கொண்டு அவளுடைய கணவன் சயந்தன்தான் மோர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"அவ சுடுறா, நான் தின்னுறன். இதிலை உங்களுக்கென்ன நட்டம், அக்கா?"

அதோடு யோகமக்கா வாயை மூடிக்கொண்டாள். அடுத்த மாதமே இவர்கள் இருக்கும் பான் நகருக்கு வந்து இரண்டு கிலோ மான் இறைச்சியும் வாங்கிக்கொண்டு போனாள் என்பது வேறு கதை.

குமுதினிக்கு வேலை பல்லோடு. ஒன்பது வயதில் ஜேர்மனிக்கு வந்து, இங்கேயே படித்து, அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து, இருபத்திரண்டு வருடங்களாக ஒரு பல் தொழிற்கூடத்தில் மற்றவர்களின் வாய்க்குப் பல் செய்து கொடுக்கிறாள். நாள் முழுக்க அரைக்கும் இயந்திரமும் தூசு உறிஞ்சியும் காதுக்குள் கத்திக்கொண்டே இருக்கும். காட்டில், மரத்தால் கட்டிய பரணில் ஏறி உட்கார்ந்தால் ஒரு சத்தமும் இல்லை. மான் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, இறங்கி வரும்போது அவளுடைய முகம் கழுவித் துடைத்த கண்ணாடி போல இருக்கும். ட்ராம் ஓட்டும் சயந்தன் பரணுக்கு வரமாட்டான். காருக்குள் தேநீர்ப் போத்தலோடு காத்திருப்பான், அந்த முகத்தைப் பார்ப்பதற்கென்றே.

அவளுக்குச் சொந்தக் காடு கிடையாது. ஐஃபல் மலைச்சரிவில் வேட்டை உரிமை வைத்திருக்கும் வெஸ்ஸெல்ஸ் என்ற பெரியவர், வருடா வருடம் ஒரு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டு இருக்கும்வரைதான் பரண், காடு, அமைதி எல்லாம். போன வருடம் ஐப்பசியில் அதற்கு ஆபத்து வந்தது. அவள் சுட்ட பெண்மான் ஒன்று விழாமல் ஓடி, எல்லை ஓடையைத் தாண்டிப் பக்கத்து உரிமைக்காரரின் காட்டுக்குள் போய் விழுந்துவிட்டது. அந்த மனிதருக்கும் வெஸ்ஸெல்ஸுக்கும் பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வெஸ்ஸெல்ஸ் பேசப் பிடிக்காதவரிடம் தொலைபேசியில் பேசி, மன்னிப்புப் போலவும் ஏதோ சொல்லவேண்டி வந்தது. அன்றைக்கு அவர் குமுதினியிடம் சத்தம் போடவில்லை. "இன்னொரு மிருகம் அந்த ஓடையைத் தாண்டினால் சீட்டைத் திருப்பி வாங்கிவிடுவேன்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அவள் துவக்குச் சன்னத்தை மாற்றினாள். குமுதினி கடையில் துவக்கு ரவை வாங்குவதில்லை. அதற்கென்று தனிப் படிப்புப் படித்து, அரசாங்க அனுமதி எடுத்து, நிலக்கீழ் அறையில் தானே ரவை செய்கிறாள். வெற்றுப் பித்தளைக் கோதைத் துப்புரவாக்கி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டாகிய சன்னத்தை அழுத்திப் பொருத்துவது. பல்லுக்குத் தொப்பி செய்கிற கைக்கு அது பழகிய வேலைதான். தலைவலி எல்லாம் எந்தச் சன்னம் என்பதில்தான். குழாயிலிருந்து பறந்து போய் மிருகத்தில் படுவது அதுமட்டும்தானே.

ஈயச் சன்னம் அவர்களுடைய மாநிலத்தில் மானுக்குத் தடை. செப்பில் இரண்டு வகை அவளுடைய மேசையில் இருந்தன. ஒன்று, உடலுக்குள் போனதும் முன்பக்கம் சிதறித் துண்டு துண்டாகிவிடும். மான் நின்ற இடத்திலேயே விழும். மற்றது பூப்போல விரிந்து, உடையாமல் மறுபக்கத்தால் வெளியே போய்விடும். மான் செத்துத்தான் போகும், ஆனால் அதற்குள் ஐம்பது அறுபது அடி ஓடக்கூடும். ஓட்டம் என்ற சொல்லே இனிக் குமுதினிக்கு வேண்டாம். சிதறுகிற சன்னத்தையே எடுத்தாள். தை மாத முடிவுக்குள் நாலு மான். நாலும் நின்ற இடத்தில் விழுந்தன. வெஸ்ஸெல்ஸ் அவளுடைய முதுகில் தட்டி, இனி இதையே வைத்துக்கொள் என்றார்.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்து ஊரான சீக்பூர்க்கின் பல் வைத்தியர் அனுப்பிய பெட்டியொன்றை அவள் தொழிற்கூடத்தில் திறந்தாள். ஒரு நோயாளியின் கீழ்த்தாடை அச்சு. இடப்பக்கக் கடைவாயில் உடைந்த பல்லுக்கு மேல்தொப்பி செய்யவேண்டும். பெயர் இல்லை, இலக்கம் மட்டும். அச்சுக்குள் சாந்தை ஊற்றி, இறுகவிட்டு, கழற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முன்பல் இரண்டும் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பக்கத்து வேட்டைப்பல் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்தது. பதினெட்டு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்து சிரிக்கிற வாயை அவளுக்குத் தெரியாதா? பெயரை மறைத்த மனிதனுக்குப் பல்லை மறைக்கத் தெரியவில்லை. பான் நகரத்துப் பல் வைத்தியர் எல்லோரும் மனைவிக்குத் தெரிந்தவர்கள் என்று சீக்பூர்க் வரைக்கும் போயிருக்கிறான். சீக்பூர்க் வேலையும் அதே தொழிற்கூடத்துக்குத்தான் வரும் என்று அவனுக்கு யார் சொல்வது? அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் கவலை வந்தது.

அன்றைக்கு வீட்டில் புட்டும் மான் கறியும். விலா எலும்பு. சயந்தனின் உயிரே அதில்தான். வெள்ளைக்காரர் முதுகுச் சதையையும் தொடையையும் எடுத்துக்கொண்டு, சன்னம் துளைத்த விலாப் பக்கத்தை அப்படியே வெட்டி எறிந்துவிடுவார்கள். சயந்தனுக்கு அது நெஞ்சு பொறுக்காது. குமுதினி தோலுரித்துக் கொண்டுவந்தால், விலாவை எலும்போடு சிறு துண்டுகளாகக் கொத்தி, மச்சாள் அனுப்பும் சரக்குத் தூளைப் போட்டுப் பிரட்டி எடுப்பது அவன்தான். கடைசியில் எலும்பைச் சூப்புகிற சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். இன்றைக்குச் சத்தம் வரவில்லை. வலப்பக்கத்தால் மெல்ல மெல்ல அரைத்துக்கொண்டிருந்தான்.

"கீழை, இடப்பக்கம், கடைசிக்கு முந்தின பல்லு" என்றாள் குமுதினி. "என்னத்தைக் கடிச்சனீங்கள்?"

புட்டு அவனுக்குப் புரைக்கேறியது. தண்ணீர் குடித்தான். "அரிசியிலை ஒரு கல்லு" என்றான்.

"பதினெட்டு வருஷமா இந்த நாட்டிலை பைக்கற்றிலை அரிசி வாங்கிறம். ஒரு நாள் கல்லு கண்டனீங்களோ?"

சயந்தன் புட்டைத் தள்ளிவைத்தான். பிறகு எழும்பிப் போய், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலிருந்து ஒரு பழைய மருந்துக் குப்பியை எடுத்து வந்து மேசையில் கவிழ்த்தான். மினுங்குகிற செப்புத் துணுக்குகள். சில உளுந்தளவு, சில எள்ளளவு. பதினாலு இருந்தன. கூடவே கனமான காந்தம் ஒன்றையும் காற்சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தான்.

"விலாவைக் கொத்தேக்கை இதாலை தடவித் தடவித்தான் போடுறனான்" என்றான். "என்னெண்டு தெரியேல்லை, ஒண்டும் ஒட்டுதில்லை."

"செம்பு காந்தத்திலை ஒட்டாதப்பா."

"ஒட்டாதோ?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் காந்தத்தைத் திருப்பிப் பார்த்தான். "அதுதானே பாத்தன்."

குமுதினிக்கு எல்லாம் விளங்கியது. சன்னத்தைச் சிதற விட்டவள் அவள். சிதறினது போனது விலாவுக்குள். உலகத்தில் வேறு யாரும் அந்தத் துண்டை வாயில் வைப்பதில்லை. வேட்டைப் படிப்பில் எந்தச் சன்னம் எவ்வளவு இறைச்சியைக் கெடுக்கும் என்று பக்கம் பக்கமாகப் படித்திருந்தாள். எலும்போடு கொத்திக் கறி வைத்துச் சூப்பித் தின்கிற ஒரு ஆளை நினைத்து யாரும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. எழுதாவிட்டால் என்ன, அவளுக்காவது தோன்றியிருக்கவேண்டும்.

"பல்லு உடைஞ்ச அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் சன்னத்தை மாத்துவீர்" என்றான். "மாத்தினா மான் ஓடும். ஓடினா அந்தாள் சீட்டைப் பறிச்சுப்போடும். பிறகு உமக்குக் காடு இல்லை." துணுக்குகளை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினான். "எனக்கு வாயிலை இன்னும் இருபத்தேழு கிடக்குதுதானே."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனிதனை என்ன செய்வது என்று தெரியவில்லை. அடிக்கவும் மனம் வந்தது, அணைக்கவும் மனம் வந்தது. எழும்பிப்போய் அவனுடைய தலையைப் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "விசரன்" என்றாள். அர்த்தம் பைத்தியக்காரன் என்றாலும், பதினெட்டு வருடத்தில் அவள் அவனுக்குச் சொன்ன மிக அன்பான சொல் அதுதான்.

அந்தப் பல்லை அவளே செய்தாள். ஒரு நாளில் முடிகிற வேலைக்கு மூன்று நாள் எடுத்தாள். அந்தக் கிழமையே நிலக்கீழ் அறைக்கு இறங்கி, சிதறுகிற சன்னப் பெட்டியை மூடி மேல் தட்டில் வைத்துவிட்டு, உடையாத சன்னத்தைக் கையில் எடுத்தாள். சயந்தன் படியில் நின்று வேண்டாம் என்று மன்றாடிப் பார்த்தான். தான் இனி விலாவே தின்னமாட்டேன், வெள்ளைக்காரர் மாதிரி முதுகுச் சதையை வெண்ணெயில் பொரித்துத் தின்னுகிறேன் என்றான். அப்படிச் சொல்லும்போதே அவனுடைய முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள்.

"உங்களுக்குப் பல்லிலை நட்டம், எனக்குச் சீட்டிலை நட்டம்" என்றாள். "ஒரு வீட்டிலை ஒராள் மட்டும் நட்டப்பட ஏலாது."

சன்னத்தை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். மருந்தின் அளவு, சன்னத்தை எவ்வளவு ஆழத்துக்கு அழுத்துவது, குறி எங்கே போகிறது என்று ஒவ்வொன்றும். பங்குனியும் சித்திரையும் சனிக்கிழமைகள் முழுக்கச் சுடுதளத்தில் போயின. ஐந்து ஓட்டை ஒரு ஐந்து சதக் காசுக்குள் அடங்கும்வரை அவள் விடவில்லை. வெஸ்ஸெல்ஸிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும்.

வைகாசியில் ஆண்மான் காலம் திறந்தது. இரண்டாவது கிழமை, வெயில் இன்னும் மரத்தின் பாதியில் இருந்தபோது, ஓடைப் பக்கத்துப் பரணுக்கு முன்னால் ஒரு ஆண்மான் வந்து நின்றது. எழுபது மீற்றர். பக்கவாட்டில், ஆடாமல் அசையாமல். குமுதினி மூச்சை விட்டு, விசையை அழுத்தினாள். மான் நாலு காலாலும் மேலே துள்ளியது. பிறகு ஓடியது. ஓடைப் பக்கமாகவே ஓடியது.

அவள் பத்து நிமிடம் இருந்தாள். அப்படித்தான் முறை. அந்தப் பத்து நிமிடமும் பரணின் பலகையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். இனி இதில் உட்கார முடியுமோ தெரியாது. சுட்டது பிழையில்லை என்று கைக்குத் தெரியும், ஆனால் ஓடை எங்கே இருக்கிறது என்றும் தெரியும். பிறகு வெஸ்ஸெல்ஸைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் நாயோடு வந்தார். அங்கிருந்தே பக்கத்துக் காட்டுக்காரருக்கு அழைத்தார், நாலு சொல்லில் அனுமதி வாங்கினார், நாயைத் தடத்தில் விட்டார். சயந்தனும் காரிலிருந்து இறங்கி வந்திருந்தான். வைத்தியசாலையில் தன்னுடைய இரத்தத்தை எடுக்கும்போதே சுவரைப் பார்க்கிற ஆள் அவன். புல்லில் முதல் சிவப்பைக் கண்டதும் ஓடைக்கு இந்தப் பக்கமே நின்று வானத்தைப் பார்க்கத் தொடங்கினான். மான் எல்லைக்கு அப்பால் பதினைந்து எட்டு வைக்கும் தூரத்தில் கிடந்தது. எப்போதோ செத்திருந்தது. உள்ளே போன ஓட்டை சிறியது, வெளியே வந்த ஓட்டை ஒன்று. அவ்வளவுதான்.

வெஸ்ஸெல்ஸ் குனிந்து விலாவைத் தடவிப் பார்த்தார். "சன்னத்தை மாற்றியிருக்கிறாய்" என்றார். "நல்ல சன்னம் இருந்ததே. ஏன்?"

ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து சயந்தன்தான் கூப்பிட்டான். அவனுடைய ஜேர்மன் மொழி ட்ராமில் அறிவித்தல் சொல்கிற மொழி. கதவிலிருந்து விலகி நில்லுங்கள் என்பது போலவே இதையும் சத்தமாகச் சொன்னான். "என்னால்தான், ஐயா. நாங்கள் விலாவை எலும்போடு சாப்பிடுகிறோம். துண்டு கடித்து என் பல் உடைந்தது. அவள் எனக்காக மாற்றினாள். தண்டனை எனக்குத் தாருங்கள்."

பெரியவர் குமுதினியைப் பார்த்தார், மானைப் பார்த்தார், அக்கரையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவனைப் பார்த்தார். ஐம்பது வருடமாக விலாவை நாய்க்குப் போடுகிறவர் அவர். குனிந்து நாயின் கழுத்தைச் சொறிந்தார்.

"சூடு நல்ல சூடு" என்றார் கடைசியில். "சன்னத்தோடும் எனக்குப் பிரச்சினை இல்லை. ஓடைப் பரண் இனி உனக்கு இல்லை, நடுக்காட்டுப் பரணுக்குப் போ. அங்கிருந்து எந்தப் பக்கம் ஓடினாலும் என் காடுதான். ஆனால் தனியாக ஏறக்கூடாது. ஓடுகிற மிருகத்தைப் பார்த்து வைக்கவும், இரத்தத் தடம் தேடவும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒராள் இருக்கவேண்டும். ஆள் இல்லாவிட்டால் சீட்டும் இல்லை. யார் வருவது?"

குமுதினி தனக்குத் தெரிந்த வேட்டைக்காரரின் பெயர்களை மனதுக்குள் புரட்டினாள். ஒவ்வொரு முறையும் வரக்கூடிய ஆள் ஒருவரும் இல்லை. அவளுடைய முகம் விழுந்தது. அப்போது ஓடைத் தண்ணீர் கலங்குகிற சத்தம் கேட்டது. சயந்தன் ட்ராம் சப்பாத்தோடேயே தண்ணீருக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தான். முகம் வெளிறியிருந்தது. கண்ணை இறுக்கி மூடியிருந்தான்.

"நான் வாறன்" என்றான் அவன் தமிழில், அவள் நின்ற பக்கம் திரும்பி. "நான் வாறன் எண்டு அந்தாளுக்குச் சொல்லும்."

"இரத்தத் தடம் தேடுறதெண்டா கண்ணைத் திறக்கவேணும்" என்றாள் குமுதினி. அவனுக்குக் கை நீட்டினாள்.

"திறக்கிறன்" என்றான் சயந்தன். கரையில் ஏறி அவளுடைய கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, திறந்தான்.