முந்நூறு பட்டை

விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு பட்டைத் தண்ணீர்கூடக் கிணற்றைவிட்டு வெளியே வரவில்லை. அருமைநாயகி வாய்க்காலில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். கிணற்று ஏற்றமான துலாவின் அடியில் அவள் புருஷன் ஆழ்வாப்பிள்ளை குந்தியிருந்தான். அவள் தம்பி பஞ்சலிங்கம் தண்ணீர் அள்ளும் பனையோலைப் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றுக்கட்டின்மேல் இருந்தபடி கொட்டாவி விட்டான். கிணறு நிறையத் தண்ணீர் கிடந்தது. இறைக்கத்தான் உத்தரவில்லை.

"நாங்கள் வந்தாப்பிறகுதான் இறைக்கவேணும். துலா மிதிக்கிறதைப் பாக்கவேணுமெண்டு கொழும்பாக்கள் வருகினம்" என்று, பட்டணத்துக் கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசி கனகசபாபதி முதல்நாளே ஆள் அனுப்பியிருந்தார். காணி அவருடையது. கொடிகாமத்துக்குத் தெற்கே, கடலேரிக் கரையோரமாகப் பத்துப் பரப்பு. அதிலே புகையிலை நட்டு, விளைச்சலில் பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டு மீதியில் சீவிப்பவர்கள் இவர்கள்.

"மூண்டு நாளாத் தண்ணி காணாத கண்டு. வெயில் ஏறமுன்னம் இறைச்சு முடிக்கிற வேலை. இதென்ன கூத்துப் பாக்க வாற இடமே?" என்றாள் அருமைநாயகி.

"இஞ்சாரும், வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும். அவை வந்து பாத்திட்டுப் போகட்டும்" என்றான் ஆழ்வாப்பிள்ளை.

அவளுக்குச் சும்மா இருக்க முடியாத காரணம் ஒன்று இருந்தது. உப்புக் கடலேரி கூப்பிடு தூரத்தில் கிடந்தது. அந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் மேலாலே மட்டும்தான். முந்நூறு பட்டை இறைக்கலாம். அதற்குமேல் இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். அன்றைக்கு நிறுத்திவிட்டால் மறுநாள் விடிய மறுபடி நல்ல தண்ணீர் ஊறியிருக்கும். உவர் ஏறியதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, நாக்குத்தான் சொல்லவேண்டும். பத்துப் பாத்திக்கு ஒரு தடவை அவள் வாய்க்காலில் விரலை நனைத்து நாக்கில் வைப்பாள். கரிப்புத் தட்டுப்பட்டதும் கையைத் தூக்குவாள், ஆழ்வாப்பிள்ளை துலாவை விட்டு இறங்கிவிடுவான். கலியாணம் முடித்து வந்த பதினாலு வருஷத்தில் ஒரு நாளும் அவள் நாக்குப் பிழைத்ததில்லை.

பதினொரு மணிக்கு இரண்டு கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தன. பிரக்கிராசியார் சால்வையைச் சரிசெய்தபடி முதலில் இறங்கினார். பின்னால் கொழும்பிலே பெரிய உத்தியோகம் பார்க்கும் சோமசேகரம், அவருடைய பெண்சாதி மகாதேவி, கூட்டாளிகள் மூன்று பேர். பாய், சாப்பாட்டுக் கூடை, சோடாப் போத்தில், படம் பிடிக்கிற பெட்டி எல்லாம் இறங்கின.

"ஐயோ, என்ன வடிவான இடம்!" என்று மகாதேவி குடையை விரித்தாள். ஏரியில் நாரைகள் நின்றன. அவற்றைப் பார்த்தாள், புகையிலையைப் பார்த்தாள், பிறகு அருமைநாயகியைப் பார்த்தாள். "நீங்களெல்லாம் குடுத்துவைச்ச ஆக்கள். எங்களுக்குக் கொழும்பிலை ஒரே இரைச்சல்."

அருமைநாயகிக்குப் பத்திக்கொண்டு வந்தது. வாடித் தொங்குகிற கன்றுகளுக்கு நடுவில் நிற்கிறவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது!

ஆழ்வாப்பிள்ளை துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்கத் தொடங்கினான். பட்டை இறங்கியது, நிறைந்து ஏறியது. பஞ்சலிங்கம் அதைச் சாய்த்து ஊற்றினான். வந்தவர்கள் கைதட்டினார்கள். தண்ணீர் ஓடிவந்து முதற்பாத்தியை நனைத்ததும் அருமைநாயகிக்கு மூச்சு வந்தது. அவள் பட்டையை எண்ணிக்கொண்டே பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றிவிட்டாள். நாற்பது பட்டை.

"கனகசபாபதி, உந்தத் தண்ணியைப் பாக்க எனக்குக் குளிக்கவேணும் போலை கிடக்கு" என்றார் சோமசேகரம்.

"அதுக்கென்ன, தாராளமாக் குளியுங்கோ! எட பஞ்சலிங்கம், தொட்டிக்கு விடு!"

பிறகென்ன. ஆம்பிளைகள் நாலு பேரும் தொட்டியடியில் சவர்க்காரம் போட்டுக் குளித்தார்கள். தலைக்கு ஊற்று, முதுகுக்கு ஊற்று என்று ஒரே கும்மாளம். ஒருவர் குளித்துத் துடைத்துவிட்டு ஆசை தீராமல் மறுபடியும் வந்து குந்தினார். நுரைத்த தண்ணீர் பாத்திப் பக்கம் போகாமல் பாதைப் பள்ளத்தில் தேங்கியது. பஞ்சலிங்கத்தின் கை சிவந்துவிட்டது. அவளுடைய எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியபோதும் அவர்கள் எழும்பவில்லை.

குளித்த பசியோடு மாமரத்தின்கீழ்ப் பாய் விரித்துச் சாப்பிட்டார்கள். இவர்கள் மூவரும் வெயிலில் நின்றார்கள். வயிறு நிறைந்த ஏவறை விட்டபடி எழும்பி வந்த பிரக்கிராசியார், "ஆழ்வான், ஏறு. தோட்டத்துக்குத் தண்ணி ஓடுறமாதிரி அம்மாவுக்கு ஒரு படம் வேணுமாம்" என்றார்.

அருமைநாயகி ஓடிவந்தாள். "ஐயா, நல்ல தண்ணி முடிஞ்சுது. இனி வாறது உவர். நாளைக்கு விடிய இறைப்பம் ஐயா."

"நாளைக்கு இவை இஞ்சை நிப்பினமே? தண்ணி ஓடாமல் படம் என்னத்துக்கு?"

"கண்டு கருகிப்போம் ஐயா."

"ஒரு நாளைத் தண்ணியிலை ஒண்டும் கருகாது. விசர்க்கதை கதையாமல் போய் உன்ரை வேலையைப் பார்."

துலா அசைந்தது. தண்ணீர் வந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். கரித்தது. குனிந்து ஒரு மண்வெட்டி மண்ணை வெட்டி வாய்க்காலை அடைத்தாள். பிரக்கிராசியார் விறுவிறென்று வந்து சப்பாத்துக் காலால் அந்த மண்ணை உதைத்துத் தள்ளினார். துலாவின் நடுவில் ஆழ்வாப்பிள்ளை நின்றுவிட்டான்.

"ஏன் நிண்டனி? மிதியடா!"

ஆழ்வாப்பிள்ளை அவளைப் பார்த்தான். அவள் கையைத் தூக்கினாள், எல்லா நாளும் தூக்குகிற மாதிரியே தூக்கினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதித்தான்.

உவர்த்தண்ணீர் பாத்தி பாத்தியாக இறங்கியது. தன் நாக்குப் பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள் இன்னொரு தரம் விரலை நனைத்து வாயில் வைத்தாள். முன்னையைவிடக் கரித்தது.

"அப்பிடியே நில்லும் பிள்ளை! அசையாதையும்!" என்று மகாதேவி கூவினாள். பெட்டி 'கிளிக்' என்றது.

கார்கள் போனபிறகு அவள் வாய்க்காலை மண்போட்டு அடைத்தாள். ஆழ்வாப்பிள்ளை பக்கத்தில் வந்து சொன்னான்: "மிதியாட்டில் இண்டைக்கே காணியை விட்டு இறங்கச் சொல்லியிருப்பார்."

"இப்ப மட்டும் விட்டுவைக்கப் போறாரே?" என்றாள் அவள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் நல்ல தண்ணீர் இறைத்துக் கழுவிப் பார்த்தார்கள். வேரில் பிடித்த உவர் விடவில்லை. ஐந்தாம் நாள் இலையின் ஓரம் மஞ்சளித்தது. பத்தாம் நாள் சுருண்டது. மூன்று கிழமையில் பத்துப் பரப்பும் நெருப்புப் பட்டதுபோல் நின்றது. கருகிய இலைகளில் நாலைச் சீலைத்துண்டில் கட்டிக்கொண்டு புருஷனும் பெண்சாதியும் ரயிலேறிப் பட்டணத்துக்கு, பிரக்கிராசியார் வீட்டுக்குப் போனார்கள்.

அவர் இலையைத் தொடவில்லை. தள்ளி நின்று பார்த்தார்.

"உங்கடை கவலையீனம்" என்றார்.

"அண்டைக்கு உவர் விட்டதாலை வந்தது ஐயா. நான் சொன்னனான்" என்றாள் அருமைநாயகி. "இந்த முறை உங்கடை பங்கைத் தள்ளிவிட்டு, வாற போகத்துக்கும் காணியை எங்களிட்டையே விடுங்கோ. வேறை போக்கிடம் இல்லை."

"உவர் விட்டதாம்! கோட்டிலை முப்பது வருஷம் சாட்சியளை விசாரிச்ச எனக்குக் கதை சொல்லுறியோ?" அவர் மேசை லாச்சியை இழுத்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். "இந்தா, கொழும்பிலையிருந்து வந்தது. அண்டைக்குத் தோட்டம் எப்பிடி நிண்டதெண்டு நீயே பார். ஒரு இலையிலை ஒரு பழுது இருக்கே? நான் பாத்துவிட்டு வரேக்கை இப்பிடி நிண்ட பயிர், பிறகு ஆர் கையிலை கெட்டது?"

ஆழ்வாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். அருமைநாயகி படத்தை வாங்கிப் பார்த்தாள். ஏரி இருந்தது, நாரைகள் இருந்தன. அன்றைய வாட்டம் படத்தில் தெரியவில்லை, புகையிலை செழித்து நிற்பதுபோல் இருந்தது. பாத்திகளில் தண்ணீர் பளபளத்தது. நடுவிலே மண்வெட்டியோடு அவள், விரலை வாயில் வைத்தபடி நின்றாள்.

"ஐயா, இதிலை நான்..."

"ஓம், நீதான். அந்த அம்மாவுக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சாம். 'கிராமத்துப் பெண்ணின் வெட்கம்' எண்டு பின்னாலை எழுதி அனுப்பியிருக்கிறா." அவர் படத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "சண்டிலிப்பாயிலையிருந்து வேறை ஆக்கள் கேட்டிருக்கினம். வாற மாதம் காணியை விட்டுவிடுங்கோ."

"இலையை ஒருக்கா நாக்கிலை வைச்சுப் பாருங்கோ ஐயா" என்று அவள் சீலைத்துண்டை மேசையில் விரித்தாள். "ஒரே ஒருக்கா."

பிரக்கிராசியார் வேலைக்காரியைக் கூப்பிட்டு அந்தக் குப்பையை அள்ளி வெளியே போடச் சொன்னார். பிறகு படத்தில் பட்ட கைரேகையைச் சால்வை நுனியால் துடைத்துவிட்டு, எந்த இடத்தில் மாட்டலாம் என்று சுவரை அண்ணாந்து பார்த்தார்.