மூன்றாம் அறையிலிருந்து வந்த செய்திகள்

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு ஃபரீஹா கவனித்தது சின்ன விஷயம்தான். எந்நேரமும் பெருத்துக்கொண்டே இருக்கும் ஒரு கோப்பு, கொஞ்ச நேரமாக வளராமல் நின்றிருந்தது.

ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் அவளுடைய அலுவலகம். பழங்களை வெட்டி உறையவைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி அது; மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் அதற்கு மூன்று ஆலைகள். அங்கிருக்கும் குளிர்பதன இயந்திரங்களும் கதவுகளும் பம்புகளும் தங்கள் நிலவரத்தை ஓயாமல் செய்திகளாக அனுப்பும். எல்லாம் ஸ்கூடாயில் உள்ள சர்வரில் வந்து விழும். எந்தச் செய்தி யாருடைய கைப்பேசிக்குப் போகவேண்டும், எது திரையில் சிவப்பாக மின்னவேண்டும், எது சத்தமில்லாமல் பதிவில் கிடக்கவேண்டும் என்று பிரித்துவிடும் விதிகளை எழுதுவது ஃபரீஹாவின் வேலை. பத்து பாகாட் என்ற ஊரில் துணிக்கடை வைத்திருக்கும் அவள் வாப்பாவுக்கு இந்த வேலையை விளக்கிச் சொல்ல நான்கு வருடமாக அவளால் முடியவில்லை. கடிதம் பிரித்துப் போடுகிற வேலை மாதிரி என்று ஒருநாள் சொல்லிவைத்தாள். அதோடு அவர் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

வளராமல் நின்ற கோப்பு பெக்கான் நானாஸ் ஆலையுடையது. மூன்று வாரத்துக்கு முன்னால், அங்கே மூன்றாம் எண் உறைபனி அறையின் கதவுக் கருவி எட்டு விநாடிக்கு ஒருமுறை மலாய் மொழியில் ஒரே செய்தியை அனுப்பத் தொடங்கியது. ‘பிந்து தெர்புகா’, கதவு திறந்திருக்கிறது. போய்ப் பார்த்தால் கதவு மூடியே இருந்தது. கருவிதான் கெட்டுவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். புதுக் கருவிக்குச் சொல்லியாயிற்று. வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். குளிர் அறைகளுக்குப் பொறுப்பாளரான திருச்செல்வம் அவளைக் கூப்பிட்டுப் புலம்பினார்.

“ஒரு நாளைக்குப் பத்தாயிரம் மெசேஜ் வருது தங்கச்சி. வீட்ல தூங்க முடியல. ஏதாச்சும் செஞ்சு விடேன்லா.”

அன்று சாயங்காலமே, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், ஃபரீஹா ஒரு விதி எழுதினாள். மூன்றாம் அறைக் கருவியிலிருந்து வருவது எதுவானாலும் கைப்பேசிக்கும் போகவேண்டாம், திரைக்கும் வரவேண்டாம். தனிக் கோப்பில் விழட்டும். ஒரே வரி. திருச்செல்வம் நன்றி சொல்லி அன்னாசிப் பழப் பெட்டி ஒன்று அனுப்பிவைத்தார்.

அந்தக் கோப்புதான் இப்போது நின்றிருந்தது. கருவி ஒருவழியாகச் செத்துப் போயிற்று போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவள் அதைத் திறந்தாள். லட்சக்கணக்கில் ஒரே வரி. கடைசிக்குப் போனாள். பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு, மூன்று வாரத்தில் முதல் தடவையாக, கதவு மூடப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே அவள் இதுவரை பார்த்திராத வேறொரு வரி.

‘ஓராங் டி டாலாம்.’ உள்ளே ஆள்.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு ஒன்று. அதே நிமிடத்தில் இன்னும் நான்கு. ஒரு மணிக்கு ஆறு. ஒன்று ஐந்துக்கு மூன்று. பிறகு இடைவெளி விட்டு விட்டு இரண்டு, ஒன்று, ஒன்று. கடைசி வரி ஒன்று முப்பத்தொன்றுக்கு.

அது என்னவென்று புரிய அவளுக்குச் சில விநாடிகள் பிடித்தன. உறைபனி அறைக்குள் கதவோரத்தில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அமுக்குவதற்கு. அதுவும் அதே கருவியோடுதான் இணைக்கப்பட்டிருந்தது. யாரோ ஒருவர் அரை மணி நேரத்துக்கும் மேலாக அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அமுக்கிய ஒவ்வொரு தடவையும் செய்தி ஸ்கூடாய் வரை ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. அவள் எழுதிய விதி ஒவ்வொன்றையும் ஒழுங்காக எடுத்து, யாரும் பார்க்காத இடத்தில் போட்டிருக்கிறது.

அறையின் வெப்பநிலை மைனஸ் இருபத்திரண்டு என்று பக்கத்துத் திரை காட்டியது.

ஆலை அலுவலகத்துக்குப் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை அந்நேரத்தில் பாதிப் பேர் பள்ளிவாசலில் இருப்பார்கள், மீதிப் பேர் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள், அவளுக்குத் தெரியாததல்ல. பாதுகாவலர் கூண்டிலும் எடுக்கவில்லை. திருச்செல்வத்தின் கைப்பேசியும் எடுக்கவில்லை. ஆலையில் உள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் உச்ச அவசரச் செய்தி ஒன்றைத் தட்டி அனுப்பினாள். அனுப்பிய கையோடு, முன்பே பொய்ச் செய்தி வாங்கி வாங்கி அலுத்தவர்கள் இதையும் பார்க்கமாட்டார்கள் என்ற பயம் வந்தது. தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டுச் சொன்னாள். வருகிறோம் என்றார்கள், வர இருபது நிமிடமாவது ஆகும். காரில் அவள் போவதென்றால் முக்கால் மணி நேரம்.

அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகத் தட்டி, மூன்றாவது தடவை கைப்பேசி வரைபடத்தில் ஆலையைத் தேடினாள். சாலைக்கு எதிர்ப்புறம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்று தெரிந்தது. எண்ணும் இருந்தது. தனலெட்சுமி என்ற கடைக்காரப் பெண்மணி எடுத்து, எத்தனை பொட்டலம் என்று கேட்டார்.

“அக்கா, சாப்பாடு வேணாம். எதிர்ல இருக்குற ஃபேக்டரி ஆளுங்க யாராச்சும் உங்க கடையில இருக்காங்களா? மூணாம் நம்பர் குளிர் ரூம்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டாங்க. ஒரு மணி நேரமாச்சு.”

அந்தப் பெண்மணி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கடைக்குள் திரும்பிச் சத்தம் போட்டுச் சொல்வது கேட்டது. நாற்காலிகள் இழுபடும் சத்தம். சற்றைக்கெல்லாம் திருச்செல்வத்தின் குரல் வந்தது. வாயில் சோறு இருந்தது. அவள் நடந்ததைச் சொன்னாள்.

“நான் மணிய கழட்டி வெச்சிருந்தேன் தங்கச்சி” என்றார். கதவுக்கு வெளியே இருந்த எச்சரிக்கை மணியும் பொய்யாக அடித்துத் தொல்லை கொடுத்ததால், அதன் கம்பியை அவரே பிடுங்கி வைத்திருந்தாராம். அவள் பதில் சொல்வதற்குள் போனை மேசைமேல் போட்டுவிட்டு ஓடிவிட்டார்.

தனலெட்சுமி மறுபடி போனை எடுத்தார். நாலு பேர் சாலையைத் தாண்டி ஓடுகிறார்கள், ஒருத்தர் கடையில் இருந்த தேங்காய் உரிக்கும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று பார்த்துப் பார்த்துச் சொன்னார். பிறகு அவர்கள் ஆலைக்குள் மறைந்துவிட்டதால் சொல்ல எதுவும் இல்லாமல் போயிற்று. ஆனாலும் போனை வைக்கவில்லை. “பயப்படாதம்மா” என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

ஃபரீஹா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று நாற்பத்தேழு. கோப்பின் கடைசியில் ஒரு வரி புதிதாக வந்து விழுந்தது.

‘ஓராங் டி டாலாம்.’

உயிர் இருக்கிறது. அவள் வாய்விட்டு அழுதுவிட்டாள். உதவி வருகிறது, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று உள்ளே இருப்பவரிடம் சொல்ல அவளுக்கு ஒரு வழியும் இல்லை. அந்தப் பாதையில் செய்தி வர மட்டுமே முடியும். எதுவும் திரும்பிப் போகாது. யார் உள்ளே, ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்குத் தெரியாது. நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது. புதிதாக ஒன்றும் வரவில்லை. ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினாள். பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஐம்பத்தொன்று. ஐம்பத்து மூன்று. ஏன் இவ்வளவு நேரம்? கதவைத் திறக்க முடியவில்லையா, இல்லை திறக்கிற அவசியமே இல்லாமல் போய்விட்டதா என்று மனம் எங்கெங்கோ போயிற்று.

ஒன்று ஐம்பத்தாறுக்கு ‘பிந்து தெர்புகா’ என்று வந்தது. எட்டு விநாடி கழித்து மறுபடியும். மறுபடியும்.

உள்ளே இருந்தது கஸ்தூரி. ஐம்பத்திரண்டு வயது. தரம் பார்க்கிற பிரிவில் வேலை. மாதிரிக்கு இரண்டு பொட்டலம் எடுத்துவர ஐந்து நிமிடம் போதும் என்று மெல்லிய சட்டையோடு உள்ளே போயிருக்கிறார். கருவி கெடவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கதவுச் சட்டத்தில் பனிக்கட்டி ஏறிக்கொண்டே வந்து கதவு ஒரு நூலளவு மூடாமல் இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியைத்தான் கருவி மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. குளிர் வெளியே போகிறதே என்று கஸ்தூரி அன்று பலமாக இழுத்துச் சாத்தியிருக்கிறார். கதவு பனிக்கட்டிக்குள் இறுகிக்கொண்டது. உள்ளிருந்து திறக்கும் தண்டு அசையவில்லை. கடைசியில் கடப்பாரை போட்டு நெம்பித்தான் திறந்தார்கள். பெட்டி அட்டைகளைக் கிழித்து உடம்பைச் சுற்றிக்கொண்டு, பொத்தானுக்குக் கீழேயே உயிரோடு உட்கார்ந்திருந்தாராம்.

மூன்று மணிக்கு ஃபரீஹாவின் மேலாளர் ராஜசேகரன் அலுவலகத்துக்கு வந்தார். கெட்ட மனிதர் அல்ல. அவளைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். உட்கார்ந்து கோப்பைப் பார்த்தார், விதியைப் பார்த்தார், அதை எழுதியவர் பெயரும் தேதியும் இருக்கிற இடத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை பாதுகாப்பு அதிகாரிகள் விசாரிக்க வருவார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ரூல எடுத்துரு. பழைய ஹிஸ்டரியும் வேணாம். மெசேஜ் சர்வருக்கே வரலன்னு சொல்லிக்கலாம். உனக்காகத்தான்மா சொல்றேன்.”

யோசிக்கிறேன் சார் என்றாள். அவர் போன பிறகு அழிப்பதற்கான கட்டளையைத் தட்டியும் வைத்தாள். ஒரு விசைதான் பாக்கி. வேலை போகும், வழக்கு வரும், பேப்பரில் பெயர் வரும். வாப்பாவின் கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அந்தப் பயம் மதியம் வந்த பயத்துக்குக் குறைந்ததாக இல்லை. இன்னும் நிதானமாக, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனால் விதியை அழித்தால் கோப்பையும் அழிக்கவேண்டும். கோப்பை அழித்தால் கஸ்தூரி பொத்தானை அமுக்கவே இல்லை என்றாகிவிடும். சும்மா உட்கார்ந்திருந்தார், அவர் தப்பு என்று யாராவது எழுதுவார்கள்.

தட்டியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். கோப்பையும் விதியையும் அதன் தேதியோடு பிரதி எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலை, அதிகாரிகள் கேட்பதற்கு முன்பே அவர்கள் முன்னால் வைத்தாள். ராஜசேகரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மணியைக் கழற்றியது தான்தான் என்று திருச்செல்வமும் ஒப்புக்கொண்டார். விசாரணை முடியும்வரை இரண்டு பேரையும் வேலைக்கு வரவேண்டாம் என்றது கம்பெனி.

புதன்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கஸ்தூரிக்கு இரண்டு கையிலும் கட்டு. வலது கையில் இரண்டு விரல்நுனி போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஃபரீஹா தன் பெயரைச் சொன்னாள். கடைக்குப் போன் செய்தது தான் என்றாள். கஸ்தூரியின் முகம் மலர்வதற்குள், செய்தி யாருக்கும் போகாமல் தடுத்ததும் தான்தான் என்று மீதியையும் சொல்லிவிட்டாள்.

கஸ்தூரி கட்டுப் போட்ட தன் கைகளைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

“அப்ப நான் அமுக்குனது எல்லாம் அங்க வந்துச்சா?” என்று கேட்டார்.

“வந்துச்சுக்கா. எல்லாமே வந்துச்சு.”

“எத்தனவாட்டி?”

“பத்தொன்பது.”

“நான் நூறுக்கு மேலன்னு நெனச்சேன்” என்றார் கஸ்தூரி. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இப்போது போய்விட்டு இன்னொரு நாள் வரும்படி, திரும்பிப் பார்க்காமலே சொன்னார். ஃபரீஹா வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.