மிதவைக்குக் கீழே

விடிந்தும் விடியாததுமாய் தக்ஷாயினி தோணியை மிதவையோடு அணைத்து, மிதவையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். அவளுடைய மேற்படிப்பு ஆராய்ச்சியே அந்த மிதவைதான்: வாவித் தண்ணீர்மேல் மிதக்கும் நாலு சூரியத் தகடுகள். தண்ணீரின் குளிர்ச்சியில் தகடு கூடுதலாக மின்சாரம் தரும் என்று காட்ட வேண்டும். கொக்கும் நீர்க்காகமும் தகடுகள்மேல் எச்சம் போட்டுப் போட்டு, அந்த மின்சாரம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது.

"இந்த வாவி சரிவராதெண்டு இண்டைக்கு ஆராய்ச்சியப் பாக்கிற சேருக்குச் சொல்லப்போறன். வேற தலைப்புத்தான்."

தோணியின் முன் அணியத்தில் இருந்த தங்கை கம்சாயினி எட்டிக் கயிற்றைப் பிடித்தாள். பதினாறு வயது. ஒரு ரகசியத்தை ஒரு மாதமாக மனதுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"அக்கா, அவிழ்க்காத."

"ஏன் புள்ள?"

"நான் சொன்னதெண்டு அப்பாட்டச் சொல்லப்படா. சாமி மேல சத்தியம் வாங்கினவர்."

தக்ஷாயினி கயிற்றை விடவில்லை. "சொல்லு."

"வலை போடுற இடத்த உன்ர மிதவை மறிச்சிட்டுதெண்டு மீன்பிடிக்கிற ஆக்கள் கயித்த வெட்டப் பாத்தவங்க. அப்பாதான் இரவில வந்து கரையில நிக்கிற கண்ணா மரத்துக் கொப்பு வெட்டி மிதவைக்குக் கீழ கட்டினவர். மீன் வந்து அடையும், சுத்திவர நீங்களே வலை வீசுங்க எண்டு சொல்லி அவங்கள அமத்தினவர். மீனுக்குத்தான் கொக்கெல்லாம் வருது. கொப்பக் கழட்டினா கயித்த வெட்டிருவாங்க அக்கா."

ஏச்சு விழுமென்று கம்சாயினி தலையைக் குனிந்தாள். விழவில்லை. அக்கா தோணி விளிம்பில் குப்புறப் படுத்து, தகட்டின் நிழலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச வா. சத்தம் போடாம வா."

இரண்டு தகடுகளுக்கு நடுவே இறங்கிய வெளிச்சம் தண்ணீருக்குள் ஒரு சுவர்போல நின்றது. அந்தச் சுவரைக் கடந்து மணலை மீன் குஞ்சுகள் போய்க்கொண்டிருந்தன. முடிவே இல்லை. எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. திரும்பும்போது நிழல் முழுக்க வெள்ளியாகி, மறுபடி இருண்டது. கொப்புகளில் இறால் குஞ்சுகளின் கண்கள் சிவப்புச் சிவப்பாய் மினுங்கின. கம்சாயினி மூச்சை அடக்கிக்கொண்டாள். பயம் போன இடம் தெரியவில்லை. நாலு தகட்டின் நிழலுக்குள் இவ்வளவு உயிரா?

போன் அடித்தது. சேர்.

"சேர், தலைப்ப மாத்துவம் எண்டு இருந்தன், மாத்தல்ல, கொஞ்சம் திருப்புறன்," என்று தக்ஷாயினி குசுகுசுத்தாள். "எவ்வளவு கரண்ட விட்டுக்குடுத்தா எவ்வளவு மீன் தங்கும்? ரெண்டையும் சேத்து ஆர் நிர்வகிக்கிற? மீன்பிடிக்கிறவங்களும் பங்குகாரரெண்டா என்ன நடக்கும்?"

"உன்ர படிப்பு மின்சக்தி முகாமைத்துவமா, மீன் வளர்ப்பா பிள்ளை?"

"அதுதான் சேர் கேள்வி."

"ஏன் இப்பிடி ரகசியமாக் கதைக்கிற?"

"மீன் கலைஞ்சிரும் சேர்."

"சரி, ரெண்டு பக்கத்தில எழுதி அனுப்பு. பாப்பம்."

தக்ஷாயினி கயிற்றை முன்னிலும் இறுக்கமாகக் கட்டினாள்.

"அப்பாட்ட என்னண்டு சொல்லப்போற?" என்றாள் தங்கை.

"உன்னப் பத்தி மூச்சும் விடமாட்டன். ரெண்டு தகட்டுக்குக் கீழ மட்டும் கொப்பு வேணும், மத்த ரெண்டும் வெறுமையாக் கிடக்கட்டும் எண்டு கேப்பன். ஒப்பிட்டுப் பாக்கோணுமே."

"அப்ப அவருக்கு விளங்கிருமே, நான்தான் சொன்னதெண்டு."

"விளங்கட்டும். எனக்காகத்தானே கட்டினவர்," என்ற தக்ஷாயினி, மறுபடி தண்ணீரைப் பார்க்கக் குனிந்தாள்.