ஜினெத்துக்கு மட்டும் இறக்கம்

சேன்-லோப் கிராமத்துத் தபால்காரி ஜினெத் வெசாதுக்கு, 1964ஆம் ஆண்டு மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றிலிருந்து, மலைக் கணவாய்ச் சாலை மேலே போகும்போதும் இறக்கமாக இருந்தது. திரும்பி வரும்போது இறக்கமாக இருப்பது எல்லோருக்கும் உள்ளதுதான், அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. போகும்போதுதான் விஷயமே. முசெத் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அவள் மிதிப்பதை நிறுத்திவிடுவாள். தபால் பையும் அவளும் சைக்கிளுமாக வால்நட் தோப்புகளைக் கடந்து, கல் வேலிகளைக் கடந்து, வளைவுக்கு வளைவு வேகம் கூடி, மேட்டில் இருக்கும் கணவாய் வரைக்கும் உருண்டு போவார்கள். சில திருப்பங்களில் பிரேக் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் பிரேக் கட்டை ஏன் இரண்டு மடங்கு தேய்ந்தது என்று தபால் அலுவலகத்தில் கேட்டார்கள். காரணத்தைச் சொன்னாள். புதுக் கட்டை கொடுத்தார்கள்.

சாலைத் துறை இஞ்சினியர் ஒருவர் துலூஸ் நகரத்திலிருந்து வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார். தார்ச்சாலை மேல்நோக்கித்தான் இருந்தது. ஜினெத்தின் சைக்கிளுக்குப் பின்னால் மண்டியிட்டு வைத்துப் பார்த்தபோது குமிழி எதிர்ப்பக்கம் ஓடியது. மனிதர் ரசமட்டத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, கஸ்தோனின் காப்பிக்கடையில் வாத்துக்கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு, நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். பாதிரியார் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார். இன்றுவரை பொறுத்துத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இஞ்சினியரின் குமிழி சொன்னதை எங்கள் ஊர்க்காரர்கள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். ஜினெத்தின் பின்சக்கரத்தை ஒட்டி, ஒரு சாண் இடைவெளியில் போனால், போகிறவனுக்கும் இறக்கம். அவனை ஒட்டிப் போகிறவனுக்கும் இறக்கம். ஒரு சைக்கிள் நீளம் விட்டுவிட்டால் மேடு தன் வேலையைக் காட்டிவிடும். எங்கள் பள்ளத்தாக்கில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாதவன் உண்டு, சைக்கிளில் போகாதவன் கிடையாது. ஆகவே ஞாயிறு காலையில் ஜினெத்துக்குப் பின்னால் கசாப்புக்கடைக்காரரும் டாக்டர் பெலிசியேவும் கஸ்தோனும் இன்னும் பலரும் ஒரே வரிசையாக, கால் அசைக்காமல், மேல்நோக்கி இறங்கினார்கள். ஃப்ரீவீல் சத்தம் மட்டும் கேட்கும். அந்த வருஷம் ஊரில் பாதிப் பேருக்குத் தொப்பை விழுந்தது.

வரிசையில் சேராத ஒரே ஆள் அவளுடைய புருஷன் அஷீல். கல் கூரை வேய்கிறவன், கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன உடம்பு, வீம்பு கூடவே பிறந்தது. சைக்கிள் வரிசைக்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவன் எதிர்க்காற்றை முகத்தில் வாங்குவான், பின்னால் வருகிறவன் அந்த மறைவில் சுகமாக வருவான். முன்னவன் களைத்தால் முழங்கையைப் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டி ஒதுங்குவான், அடுத்தவன் மறுபேச்சில்லாமல் முன்னால் வந்து காற்றை வாங்க வேண்டும். வராதவனுக்கு 'ஓசிச் சக்கரம்' என்று பெயர். இந்தப் பேரை வாங்கியவன் வேறு ஊரில்தான் பெண் தேட வேண்டும். ஜினெத்துக்குக் களைப்பே வராததால் அவள் முழங்கையை வெட்டுவதும் இல்லை, யாரும் முன்னால் போவதும் இல்லை. அஷீலின் கண்ணுக்கு ஊர் முழுக்க ஓசிச் சக்கரமாகிவிட்டது. அவன் தனியாக, வேர்த்து விறுவிறுத்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஏறுவான். மேலே அவள் சுவரில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பாள்.

"வந்துட்டியா? நான் சாப்பிட்டு முடிச்சிட்டேன்" என்பாள்.

"நீ எங்க வந்தே? விழுந்தே. மேல விழுந்தே, அவ்வளவுதான்" என்பான் அஷீல்.

அவள் சிரித்துவிடுவாள். ஆனால் அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கஸ்தோனிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்: "அந்த மனுசன் சொல்றது நெசம்தான் கஸ்தோன். காலு வலிச்சு எத்தன வருசமாச்சு! மேல போய் ரொட்டி தின்னா அட்டைய மெல்ற மாதிரி இருக்கு."

வருஷங்கள் போயின. பாலத்துக்குப் புதுக் கைப்பிடி வந்தது, பாதிரியாருக்குக் காது மந்தமாயிற்று, ஒரு வசந்தத்தில் அஷீல் ஏணியிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். டாக்டர் பெலிசியே வெகுநேரம் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். கூரை வேலை கூடாது, மாடிப்படி கூடாது, சைக்கிளில் மேடு என்ற பேச்சே கூடாது என்றார். ஏறினால் இதயம் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

அஷீல் கோடை முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அக்டோபரில் வால்நட் உதிர ஆரம்பித்தது. மீசை முளைத்த நாளிலிருந்து ஒவ்வோர் அக்டோபரும் முதல் ஞாயிறன்று கணவாய்க்கு ஏறியவன் அவன், போர்க் காலத்தில்கூட விட்டதில்லை. சாப்பிடவும் மறுத்தபோது ஜினெத் டாக்டர் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"ஏறக் கூடாதுன்னுதானே சொன்னீங்க டாக்டர்? என் பின்னால வந்தா அது ஏத்தமே இல்லியே."

டாக்டர் தாடியைச் சொறிந்தார். அவரே எத்தனையோ ஞாயிறு அவள் பின்னால் மிதிக்காமல் போனவர். "இறக்கத்த நான் தடுக்கல," என்றார். "ஆனா ஒண்ணு, அவன் முன்னால வரவே கூடாது. வந்தா மேடு, மேடுன்னா முடிஞ்சுது. நானும் பையோட பின்னாலயே வர்றேன்."

வீட்டில் பெரிய சண்டை நடந்தது. "பொண்டாட்டி சக்கரத்துக்குப் பின்னால ஓசியில போறதுக்கு நான் படுத்தே சாவேன்" என்று அஷீல் கத்தினான். "சாவு, ஆனா கணவாயப் பாத்துட்டு வந்து சாவு" என்றாள் அவள். அதற்குப் பிறகுதான் சூப்பைக் குடித்தான்.

முதல் ஞாயிறன்று ஊரே வரிசை கட்டியது. ஜினெத் முன்னால், அவளை ஒட்டி அஷீல், அவனை ஒட்டி டாக்டர், பிறகு மற்றவர்கள். பாலம் தாண்டியதும் அஷீலும் மிதிப்பதை நிறுத்தினான். வெட்கத்தில் காது சிவந்தது. ஆனால் தோப்புகள் தாண்டி, ஆறு கீழே நூலாகத் தெரிந்தபோது முகம் தெளிந்துவிட்டது. கூரைகளைக் கணக்குப் பார்த்து, எது எது தான் வேய்ந்தது என்று டாக்டருக்குச் சொல்லிக்கொண்டே வந்தான்.

கணவாய்க்குச் சற்றுக் கீழே கல் தொட்டி வளைவு இருக்கிறது. அங்கே திரும்பினால் மேல்காற்று முகத்தில் அறையும். அன்றைக்குப் பிசாசுக் காற்று. ஜினெத் தலையைக் குனிந்தாள், கண்ணில் நீர் வந்தது, அவளுடைய வலது முழங்கை தானாக ஒரு வெட்டு வெட்டியது. சைக்கிளும் தானாக ஒதுங்கியது. சின்ன வயதில் அண்ணன்மாரோடு ஓட்டிப் பழகிய உடம்பு, காற்று பட்டதும் பழக்கத்தைக் காட்டிவிட்டது. அவள் நினைத்துச் செய்யவில்லை. இதை எங்களில் யாராவது சந்தேகப்பட்டால் அவனோடு நான் பேசுவதில்லை.

வெட்டிய முழங்கைக்கு வராத ஆள் இல்லை அஷீல். நினைத்துக்கூடப் பார்க்காமல் எழுந்து நின்று மிதித்து முன்னால் வந்துவிட்டான்.

"ஐயோ, வராத! பின்னால போடா கிழவா!" என்று அலறிக்கொண்டே அவள் அவன் பின்சக்கரத்தை ஒட்டிப் போய்ச் சேர்ந்தாள். சேர்ந்த அந்த இடத்தில் சாலை நிமிர்ந்து நின்றது. அவளுக்கும்தான். தொடையில் தீப்பிடித்தது, இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தாள். பின்னால் வரிசை முழுக்கச் சங்கிலிகள் முனகின, தொப்பைக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கித் தள்ளினார்கள், டாக்டர் பையோடு பள்ளத்தில் விழுந்தார். முன்னால் அஷீலின் முதுகு மட்டும் இடமும் வலமுமாக ஆடி ஆடி, மெதுவாக, நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவன் மறைவில் அவளுக்குக் காற்றே படவில்லை.

மேலே போய்ச் சுவரில் சாய்ந்தான். ஜினெத் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள், பிறகு அதே தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். "செத்துத் தொலைச்சிருந்தா நான் என்னடா பண்ணுவேன்?"

"முழங்கைய வெட்டினது நீதானே" என்றான் அஷீல், மூச்சு வாங்கிக்கொண்டே.

டாக்டர் நொண்டிக்கொண்டு வந்து குழாயை வைத்தார், இரண்டு முறை வைத்தார், பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜினெத் ரொட்டியைப் பிட்டு அவனுக்குப் பாதி கொடுத்தாள். தன் பாதியை வாயில் வைத்தவள் மெல்வதை நிறுத்தி, "கஸ்தோன், இதுல என்னத்தப் போட்டுச் சுட்டாங்க?" என்று கேட்டாள். வழக்கமான ரொட்டிதான்.

அஷீல் பிப்ரவரியில், பனி பெய்த ஒரு விடியலில், தூக்கத்தில் போனான். மேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

ஜினெத் மார்ச்சில் வேலைக்குத் திரும்பினாள். பாலத்திலிருந்து கல் தொட்டி வளைவு வரைக்கும் அவளுக்கு இறக்கம் அப்படியே இருக்கிறது. வளைவில் முழங்கையை வெட்டுவாள், ஒதுங்குவாள், ஒரு சைக்கிள் போகும் நீளத்துக்கு முன்னால் இடம் விடுவாள், பிறகு மிதிக்க ஆரம்பிப்பாள். அங்கிருந்து உச்சி வரைக்கும் ஏற்றம். ஆனால் எந்தக் காற்றானாலும் அவள் மேல் படுவதில்லை, கழுத்துத் துணிகூட அசையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குப் பின்னால் எல்லோரும் அந்த இடத்தில் கியரை மாற்றிக்கொள்வார்கள். ஊரில் தொப்பை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

போன வருஷம் புதிதாக வந்த பள்ளி ஆசிரியர், நல்ல மனிதர், விஷயம் தெரியாதவர், முழங்கை வெட்டியதைப் பார்த்ததும் மரியாதைக்காக வேகமாக முன்னால் வந்து அந்தக் காலி இடத்தில் நுழையப் பார்த்தார்.

"ஏய், வாத்தியாரே! அங்க ஆள் இருக்கு!" என்று கஸ்தோன் பின்னாலிருந்து கத்தினார்.

ஆசிரியர் பிரேக் பிடித்தார், ஜினெத்திடம் மன்னிப்புக் கேட்டார், முன்னால் காலி இடத்தில் இருந்தவரிடமும் தொப்பியைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, வரிசையில் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார்.