எர்சிலியோ சுமந்த புல்

அர்மிதாவின் முதுகு விண்விண்ணென்று வலித்தது. கணவனைப் புதைத்து இரண்டு நாளாகியும் அந்த வலியைத் தவிர வேறெதுவும் அவளுக்கு உறைக்கவில்லை. உலர்ந்த புல் முழுவதும் மழைக்கு முன்பே தொழுவத்து மச்சில் ஏறிவிட்டது. இனிப் பனிக்காலத்தில் மாடுகள் பட்டினி கிடக்காது. பாதிக்கு மேல் சுமந்தவர் பக்கத்து நிலத்து எர்சிலியோ.

அவர் கிளம்பியதும், மாடியில் வாடகைக்குத் தங்கியிருந்த சூரிச் நகரத்துப் பெண் ரெகூலா ஒயின் புட்டியோடு பின்னால் ஓடப் பார்த்தாள்.

“எங்கடி ஓடுற? உள்ள வை,” என்றாள் அர்மிதா.

“இவ்வளவு செஞ்சிருக்காரேக்கா, சும்மாவா அனுப்புறது?”

“அன்னிக்கே கைமாறு குடுத்தா, உன் சங்காத்தமே வேணாம்னு அர்த்தம். மூஞ்சில துப்புனாக்கூட அந்த மனுஷன் மறந்துருவாரு, இத மறக்க மாட்டாரு.”

“அப்ப என்னதான் செய்யறது?”

“அவரு புல்லு அறுக்கற அன்னிக்கு, கூப்பிடாமயே போயி நிக்கணும். இத்தன வருஷமா என் வீட்டுக்காரரு போனாரு.”

ரெகூலா புட்டியை மேசைமேல் வைத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அர்மிதா முதுகைச் சுவரில் சாய்த்தாள். எர்சிலியோவின் மேட்டு நிலத்துக்கு அவள் ஒரு நாள் உழைப்பு கடன்பட்டிருந்தாள்.