முதலில் பிரேக்

மெரேனியா நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தனக்கென்று ஒரு கார் வாங்கினாள். அதற்கு முன்பு அவளிடம் கார் இல்லாமல் இல்லை. ஒன்று, பிள்ளைகளைப் பள்ளிக்கும் ரக்பிக்கும் ஏற்றிப்போக. இன்னொன்று, அவளை விட்டுப் போன கணவனின் படகை இழுக்க. இது ஒன்றைத்தான் ஓட்டுவதற்காகவே வாங்கினாள். வெயிலில் வெளிறிய சிவப்பு நிற செலிகா, இரண்டு கதவு. வயதான கார்தான், ஆனால் இன்ஜின் திடமாக இருந்தது.

நானும் அவளும் ஒரே பால் டேங்கரை ஓட்டுகிறவர்கள். எங்கள் சிற்றூரான வின்டனைச் சுற்றியுள்ள பண்ணைகளில் பாலை ஏற்றித் தொழிற்சாலையில் இறக்க வேண்டும். காலை முறை அவளுக்கு, மதிய முறை எனக்கு. பாதி நிரம்பிய டேங்கரை ஓட்டியவர்களுக்குத் தெரியும், திருப்பத்தில் நாம் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் பால் தன் பாட்டுக்கு நேராகப் போகப் பார்க்கும். நான் வேலை பழகிய புதிதில், அவள் ஓட்டி நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்த நாட்களில் அந்தப் பால் தளும்பும் அடி முதுகில் விழுந்ததே இல்லை. நான் ஓட்டும்போது விழும். இதை நான் வெட்கப்படாமல் சொல்லிக்கொள்வேன்.

மலையேறும் கார்ப் பந்தயத்துக்கு அவளை இழுத்துவிட்டவன் அவளுடைய தம்பி ஹோனே. பண்ணைகளுக்கு வேலி போட்டுக் கொடுப்பது அவன் தொழில், சம்பாதிப்பதெல்லாம் தன் டர்போ காருக்கு. எங்கள் கார் கிளப் ஹோகோனுயி மலையடிவாரத்துச் சாலை ஒன்றை ஞாயிற்றுக்கிழமைகளில் மூடிவைத்துப் பந்தயம் நடத்தும். ஒவ்வொரு காராக மேலே ஏற வேண்டும், யார் நேரம் குறைவோ அவருக்குக் கோப்பை. அக்கா செலிகா வாங்கிவிட்டாள் என்று தெரிந்ததும் ஹோனே அவள் கார் கொட்டகைக்கே வந்துவிட்டான்.

"அக்கா, முதல்ல சைலன்சரை மாத்து. இந்தச் சத்தத்தோட போனா மருந்து வாங்கப் போற கார்னு நெனச்சுக்குவாங்க."

"சத்தம் போட்டா வேகமாப் போகுமா?"

"போற மாதிரி இருக்கும்ல. அப்புறம் பின்னாடி ஒரு றெக்கை. அப்புறம் பெரிய ஏர் ஃபில்டர். காசு மிஞ்சினா இன்ஜின் கம்ப்யூட்டரைத் திருத்திக் கொடுக்க ஆள் இருக்கான்."

"எங்கிட்ட காசு மிஞ்சாதுடா. எது மொதல்லன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லு."

"அதான் சொன்னேனே, சைலன்சர்."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். ஆனால் எதையும் மாற்றவில்லை. வாங்கியது வாங்கியபடியே பயிற்சி நாளில் மலைக்குக் கொண்டுபோனாள். நானும் கூடப் போயிருந்தேன். கீழே இறங்கி வந்தபோது முன் சக்கரங்களிலிருந்து கருகல் வாடை வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"இருக்கிற வேகத்தையே என்னால முழுசாப் பயன்படுத்த முடியல, லாக்லன். ரெண்டாவது தடவை ஏறும்போதே பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. டயர் பன்னிக்குட்டி மாதிரி கத்துது. இதுல இன்னும் வேகத்தை வாங்கி எங்க வெச்சுக்கறது?"

அடுத்த வாரம் பிரேக்கில் ஆரம்பித்தாள். அவள் காருக்கு அடியில் படுத்துக்கொள்ள, நான் பிரேக் பெடல்மேல் காலை வைத்து இருக்கையில் உட்கார்ந்தேன்.

"அழுத்து."

அழுத்தினேன்.

"அப்படியே பிடி. நான் சொல்றதுக்குள்ள விட்டுத் தொலைச்சிடாத."

"எவ்வளவு நேரம் பிடிக்கறது? கால் மரத்துப்போச்சு."

"டேங்கர்ல நாள் பூரா அழுத்தறவனுக்கு இதுல என்ன வலிக்குது? சரி, விடு."

பழைய பிரேக் ஆயில் கறுத்துப்போய், காபி மண்டி மாதிரி பாட்டிலில் இறங்கியது. அதற்குப் பதிலாக, சூடேறினாலும் சீக்கிரம் கொதித்துவிடாத ஆயிலை ஊற்றினாள். பிரேக் பேட்களையும் அவளே மாற்றினாள். புதுப் பேடை மாட்டிய கையோடு மலைக்குப் போக முடியாது, முதலில் பழக்க வேண்டும். ஆளில்லாத நேர்ச்சாலையில் வேகமெடுப்பது, அழுத்திக் குறைப்பது, நிற்கும் முன்பே விட்டு மறுபடி வேகமெடுப்பது. இப்படிப் பல முறை செய்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். அவள் பழக்கியதை ஒரு பண்ணைக்காரர் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறார். மறுநாள் நான் பால் எடுக்கப் போனபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தம்மாவுக்கு வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார்.

அதன் பிறகு டயர். இதுவரை செய்த எல்லாச் செலவையும் டயர் செலவு மிஞ்சிவிட்டது. தோழிகளோடு குயின்ஸ்டவுனுக்குச் சுற்றுலா போகும் திட்டத்திலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டாள். டயரை மாட்டியதும் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்தாள். பின் இருக்கை, ஸ்டெப்னி, டிக்கியில் முந்தைய சொந்தக்காரன் வைத்திருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டி, எல்லாம் எடையைக் குறைக்க வெளியே வந்தன. ஸ்பீக்கரை ஹோனே ஆசையாக வாங்கிப்போய்த் தன் காரில் வைத்துக்கொண்டான்.

நான் அவளை வியந்தது இதற்காக இல்லை. கிளப்பில் எத்தனையோ பேர் இதையெல்லாம் செய்கிறார்கள், ஒரே வாரத்தில் மொத்தமாக மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். பிறகு கார் ஒரு பக்கம் இழுத்தால் எதனால் இழுக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மெரேனியா ஒன்றை மாற்றுவாள், மலையில் ஓட்டுவாள், அது என்ன செய்தது என்று உடம்பில் பதியும்வரை அடுத்ததைத் தொடமாட்டாள். "பேடு மாத்தினதுக்கு அப்புறம் எனக்குத் தைரியம் வந்துச்சு. டயர் மாத்தினதுக்கு அப்புறம்தான் அந்தத் தைரியத்துக்கு அர்த்தம் வந்துச்சு" என்று ஒரு நாள் டேங்கர் சாவியைக் கைமாற்றும்போது சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் மதிய உணவுப் பெட்டியைத் தேடப் போய்விட்டாள்.

அவளும் ஒரு முறை சறுக்கினாள். ஹோனேயின் நண்பன் ஒருவன் காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளை மலிவாகத் தருகிறேன் என்றான். தாழ்ந்தால் அழகாக இருக்கும் என்று அவளுக்கும் ஆசைதான். மாட்டினாள், பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் எங்கள் சாலை மேடுபள்ளம் நிறைந்தது. பழைய ஷாக் அப்சார்பரோடு அந்தக் கட்டை ஸ்பிரிங் சேர்ந்ததும் கார் தவளை மாதிரி குதித்துக் குதித்து ஏறியது. நேரம் முன்பைவிட மோசம். ஒரு ஞாயிறு முழுக்க எங்கள் இருவர் முட்டிகளும் தேய, பழைய ஸ்பிரிங்குகளையே திரும்ப மாட்டினோம்.

"இதை யார்கிட்டயும் சொல்லாத" என்றாள்.

"மலையே பார்த்துச்சு" என்றேன்.

"மலை சொல்லாது. நீ சொல்லுவ."

சொல்லிவிட்டேன்.

பருவத்தின் கடைசிப் பந்தயம் வசந்தத்தில் வந்தது. தெற்கிலிருந்து ஈரக்காற்று, இரண்டு பக்கமும் ஆட்டுக்குட்டிகள், கிளப்காரர்களின் மேஜையில் சூடான சீஸ் ரோல். ஆளுக்கு மூன்று ஓட்டம். ஹோனே காரைக் கிளப்பியபோது தேநீர்க் கோப்பைகள் அதிர்ந்தன. அக்காவின் கார் ஜன்னலில் குனிந்தான்.

"அக்கா, பின்னாடி யாராவது வந்தா கொஞ்சம் ஒதுங்கி வழி விடு."

"ஒவ்வொரு காராத்தானேடா போறோம்."

"இருந்தாலும் பழகிக்கோ."

முதல் ஓட்டத்தில் இருவரில் அவன்தான் வேகம், அவளைவிட நன்றாகவே முந்தியிருந்தான். அவன் காருக்கு அவ்வளவு பலம். மெரேனியா பலகையில் நேரத்தைப் பார்த்துவிட்டு, "அழகா ஓட்டினான்" என்றாள். மனதாரச் சொன்னாள்.

அந்தச் சாலையின் நடுவில் ஒரு இறக்கம் உண்டு. நீண்ட நேர்ச்சாலை முடிந்து சட்டென்று கீழே இறங்கி, சின்னப் பாலத்துக்கு முன் இடதுபுறம் திரும்பும். இரண்டாவது ஓட்டத்தில் ஹோனே முன்பைவிட வேகமாக அங்கே வந்தான். திருப்பத்தில் காவலுக்கு நின்றிருந்த எங்கள் கிளப் ஆள் பிறகு சொன்னார், பிரேக் விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது, கார் மட்டும் குறையவே இல்லையாம். அது திரும்பாமல் நேராகப் போய் வேலியைப் பிய்த்துக்கொண்டு புல்வெளியில் இறங்கியது.

கிளப்காரர்களின் வாக்கி-டாக்கியில் செய்தி வந்ததும் மெரேனியா ஓடினாள், நான் பின்னால். நாங்கள் போவதற்குள் அவன் வெளியே வந்து நின்றிருந்தான். ஒரு கீறல் இல்லை. கார் மூக்கு உடைந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி ஆடுகள் வரிசையாக நின்று பார்த்தன. அவள் அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, கழுத்தைத் தடவி, இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தலை சுத்துதா?"

"இல்ல."

"விரலை மடக்கு. எல்லாத்தையும்."

மடக்கினான். "பெடல் தரைக்கே போயிடுச்சுக்கா. ஒண்ணுமே இல்ல. மூணு தடவை மிதிச்சேன்."

அவன் பிரேக்கில் ஆயில் எப்போது மாற்றியது என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. மெரேனியா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நான் கேட்கவில்லை. அந்தப் புல்வெளிக்குச் சொந்தக்காரரான பண்ணைக்காரர் வந்து பிய்ந்த கம்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஹோனே, இந்த வேலியைப் போன கோடையில நீதானப்பா போட்ட?" என்றார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாக அவனும் சிரித்தான்.

கார் இழுவை வண்டியில் ஏறியதும் அவன் தனியாகப் போய் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டான். மூன்றாவது ஓட்டம் பாக்கியிருந்தது. எங்கள் கிளப்பில் ஒரு காரை இரண்டு பேர் பங்குபோட்டு ஓட்டலாம். மெரேனியா அதிகாரியிடம் போய் ஏதோ பேசிவிட்டு, மருத்துவ ஆளை அழைத்து வந்து தம்பியை ஒரு முறை பார்க்கச் சொன்னாள். அவர் சரி என்றதும் செலிகா சாவியை அவன் மடியில் போட்டாள்.

"வேணாம்க்கா. இப்பதான் ஒண்ணை ஒடச்சேன்."

"அதனாலதான் குடுக்கறேன். இன்னிக்கு இப்படியே வீட்டுக்குப் போனா அந்தத் திருப்பம் உன் மண்டையிலயே நிக்கும்."

"இதையும் ஒடச்சா?"

"ஒடச்சா நீ எனக்கு ஆயுசு பூரா வேலி போட்டுக் குடு. எழுந்திரி."

அவன் போனான். இன்ஜின் சத்தம் மலைக்குப் பின்னால் போய் மெலிந்தது. அவள் கையிலிருந்த சீஸ் ரோல் அப்படியே ஆறிப்போனது. மேலேயிருந்து நேரம் வந்தது. பலகையில் எழுதுகிறவர் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு எழுதினார். ஹோனே தன் டர்போ காரில் காலையில் எடுத்த நேரத்தைவிடக் குறைவு. மெரேனியா அந்தப் பருவம் முழுக்க எடுத்த எந்த நேரத்தையும்விடக் குறைவு.

அவன் இறங்கி வந்து காரை நிறுத்திவிட்டு, பானெட்டில் கையை வைத்தபடி நின்றான். "அக்கா, இது நிக்குது" என்றான். "எங்க நிக்கச் சொன்னாலும் நிக்குது. அந்த எறக்கத்துல பயந்துக்கிட்டேதான் போனேன். மிதிச்சேன், நின்னுச்சு. அப்புறம் எனக்கு அந்தத் திருப்பமே மறந்துபோச்சு."

அவள் காரில் அவளைவிட வேகமாகப் போய்விட்டான். வேறு யாராக இருந்தாலும் முகம் கொஞ்சம் சுருங்கியிருக்கும், எனக்குச் சுருங்கியிருக்கும். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எறக்கத்துல பிரேக்கை எங்க விட்ட?"

"திரும்ப ஆரம்பிச்ச பின்னாடி. கொஞ்சம் கொஞ்சமா விட்டேன், ஒரேயடியா இல்ல. நீ எங்க விடுவ?"

"திரும்பறதுக்கு முன்னாடியே முழுசா விட்டுடுவேன். டேங்கர் பழக்கம்."

"இதுல பால் இல்லக்கா. பிரேக்கால மூக்கு கீழ அழுந்தியிருக்கும்போதே திருப்பு. நல்லாப் பிடிக்கும்."

அவன் மண்ணில் குச்சியால் திருப்பத்தை வரைந்து காட்டினான். அவள் குந்தி உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

அந்த ஓட்டத்தைத் திருப்பத்தருகே போய் நின்று பார்த்தேன். வழக்கமாக அங்கே அவள் கார் ஒரு கணம் தயங்கும், பிறகுதான் திரும்பும். அன்று தயங்கவில்லை. மூக்கைத் தாழ்த்திக்கொண்டே இறங்கி, ஒரே வளைவாகப் பாலத்தை எடுத்து மேலே போய்விட்டது. டயர்கள் கத்தவில்லை, முனகின. நான் கைதட்டியது யாருக்கும் கேட்டிருக்காது.

அவள் நேரம் ஹோனேயுடையதை எட்டவில்லை, ஒரு மூச்சளவு பின்னால்தான். ஆனால் தன் முந்தைய நேரத்திலிருந்து அவள் கழித்திருந்த அளவைப் பார்த்துப் பலகைக்காரர் விசில் அடித்தார். கோப்பை இன்வர்கார்கிலிலிருந்து வந்த ஒரு பல் டாக்டருக்குப் போனது. அவர் கார் எங்கள் எல்லோருடைய கார்களையும் சேர்த்தால் வரும் விலை. அவள் அவருக்கும் நன்றாகவே கைதட்டினாள்.

மறுநாள் மதியம் டேங்கர் நிறுத்துமிடத்தில் சாவியைக் கொடுத்தாள். ஹோனே பிய்த்த வேலியை அவனோடு கட்டப் போகிற அவசரத்தில் கையுறையை மாட்டிக்கொண்டே நடந்தாள்.

"அடுத்து காருக்கு என்ன?" என்று கேட்டேன். "இப்பவாவது இன்ஜின்ல கை வைப்பியா?"

"ஒண்ணும் வேணாம். அடுத்த பருவம் பூரா இப்படியே ஓட்டப்போறேன்" என்றாள் மெரேனியா. "இந்தக் கார்கிட்ட இருக்கறதையே நான் இன்னும் முழுசா எடுக்கல."