முற்றத்து மாமரத்தின் நிறை

எங்கள் ஊரில் நோயில் விழுந்த வருத்தக்காரர் இருக்கிற வீட்டு வளவுக்குள் கோடாலிச் சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆள் கண்ணை மூடியாகிவிட்டது, சுடலைக்கு விறகு வேண்டும், முற்றத்து மாமரத்தைத் தறிக்கிறார்கள். மண்கும்பானில் பிறந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. என் மாமனாருக்கு ஒரு மரம் போனது. மாமிக்கு ஒன்று போனது. மிஞ்சி நின்றது ஒன்று.

ஆஸ்பத்திரியால் வந்து கட்டிலோடு கிடந்த எனக்கு, எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆடி மாதத்துக் காலையொன்றில் அந்தச் சத்தம் கேட்டது. பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. உயிரோடு கிடக்கிறவளின் காது கேட்க விறகு தறிக்கிற மனிதரும் உண்டா? அதுவும் இத்தனை காலம் என்னோடு குடித்தனம் நடத்திய மார்க்கண்டு!

"இஞ்சாருங்கோ!" என்று கூப்பிட்டேன். குரல் தொண்டையைத் தாண்டவில்லை. டொக்டர் இவரை மட்டும் தனியே கூட்டிக்கொண்டுபோய்க் கதைத்தது ஞாபகம் வந்தது. அன்று பஸ் பண்ணைப் பாலத்தில் வரும்போது இவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் என்ன சொன்னவர் என்று கேட்டேன். "மருந்தை ஒழுங்காக் குடிக்கட்டாம்," என்றார். அவ்வளவுதான். மிச்சம் எனக்கு இப்போது விளங்கியது.

பக்கத்து வளவுப் பரிமளத்துக்கும் விளங்கியிருக்க வேண்டும். "என்ரை அக்கா, எங்களை விட்டிட்டுப் போட்டியோ!" என்று படலையிலேயே தலைவிரிகோலமாக ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். உள்ளே வந்து, நான் விழித்துக்கொண்டு கிடப்பதைக் கண்டதும் வாயைப் பொத்தினாள்.

"ஏனடி நிப்பாட்டினனீ? அழு," என்றேன். "எனக்கு எப்பிடி அழுவாய் எண்டு கேட்டுப்போட்டே போறன்."

அவளுக்கு உண்மையான அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே என்னைத் தாங்கிப் பிடித்து, வாசலில் கதிரை போட்டு இருத்தினாள்.

மரம் விழுந்தது. இலையும் தூசியும் அடங்கியபோது, முற்றத்தில் முக்காலிக் கம்பு நட்டுப் பெரிய தூக்குத் தராசொன்று கட்டியிருப்பது தெரிந்தது. பக்கத்தில் முந்தானையை இடுப்பில் செருகியபடி ஓர் இளம்பெண். சுடலை விறகை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அதனால் எனக்குக் குழப்பமாகிவிட்டது.

பெயர் மனோகரியாம். கம்பஸில் தாவரவியல் படிப்பிக்கிறாவாம்.

"மரம் காத்திலை இருக்கிற கரியை எடுத்துத்தான் தன்ரை உடம்பை வளர்க்கிறது அம்மா. தீவுப்பகுதி மரங்களுக்குள்ளை எவ்வளவு கரி இருக்கெண்டு கணக்கெடுக்கிறம். அமெரிக்காவிலை ரெட்வூட் எண்டு ஒரு மரம், பனையிலும் மூண்டு மடங்கு உயரம். அங்கையும் சிலதைத் தறிச்சு நிறுத்துப்போட்டுத்தான், மிச்சத்தைத் தறிக்காமலே சுற்றளவை வைச்சுக் கணிக்கினம்."

"அதுக்கு என்ரை மரம்தானோ கிடைச்சது?"

"பெரிய மாமரம் ஒருத்தரும் தரேல்லை அம்மா. ஐயாதான் தானாக வந்து தன்ரை மரத்தை எடுக்கச் சொல்லிக் கேட்டவர்." என் முகத்தையும் பரிமளத்தின் தலையையும் பார்த்த பிறகுதான் அந்தப் பிள்ளைக்கு உறைத்தது. "வீட்டிலை வருத்தக்காரர் இருக்கினம் எண்டு ஐயா சொல்லவேயில்லை," என்றாள்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் நிலத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ," என்றேன். "ஊரிலை ஒருத்தரும் குடுக்காத மரத்தை நீங்கள் மட்டும் ஏன் குடுத்தனீங்கள்?"

"டொக்டர் சொன்ன நாளிலையிருந்து, வாசலுக்கு வந்தா உதுதான் கண்ணிலை படுது. உமக்கெண்டு காத்துக்கொண்டு நிக்குது. இவையள் முழுக்கக் கொண்டு போயிடுவினம் எண்டு நினைச்சன்."

மனோகரிதான் மெல்லச் சொன்னாள்: "நாங்கள் சாக்கிலை போடுற துண்டுகளைத்தான் கொண்டு போவம் ஐயா. அதைக் காயவைச்சு நிறுத்தாக் கணக்கு வந்திடும். மிச்ச விறகு உங்களுக்குத்தான்."

மத்தியானம் கழிய வேலை முடிந்தது. இலை வேறு, கொப்பு வேறு, பட்டுப்போன கொப்பு வேறு, அடிமரம் வேறு என்று எல்லாம் நிறுத்து, அளவாக வெட்டி அடுக்கியிருந்தது. நின்ற மரத்துக்காவது கோடாலி தேட வேண்டும். இதைச் சுடலைக்குத் தூக்கிக்கொண்டு போனாலே போதும். இவர் அந்த அடுக்கைப் பார்த்தார். சைக்கிளை எடுத்தார், போய்விட்டார்.

யாக்கோப்புவின் மாட்டுவண்டியோடு திரும்பி வந்தார். யாக்கோப்பு கரையில் வாடிக்கொட்டில் போட்டுக் கடலட்டை அவிக்கிறவன். அவர்கள் வேதக்காரர், செத்தவரைப் புதைக்கிற ஆட்கள். அவனுக்கு விறகு வெறும் விறகுதான்.

"முழுக்கவோ அண்ணை? வீட்டுக்கு ஒண்டும் வேண்டாமோ?"

"ஒரு சுள்ளியும் வேண்டாம். ஏத்து."

இவரும் சேர்ந்து ஏற்றினார். மூச்சு வாங்க வாங்க, யாரோ துரத்துகிறமாதிரி ஏற்றினார். அதைப் பார்க்கப் பார்க்க என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம் அப்போதுதான் வந்தது. டொக்டர் சொன்னதில் இவருக்குச் சந்தேகம் இருந்திருந்தால் இப்படி ஏற்றியிருக்க மாட்டார். நான் சாகப்போவது நிச்சயம். இந்த விறகு முழுவதும் கரைக்குப் போனாலும், ஒரு நாள் இவர் வேறொருவர் வீட்டுப் படலையில் போய் நின்று, "என்ரை மனிசிக்கு ஒரு மரம் தாங்கோ," என்று கேட்கத்தான் வேண்டும். அது எனக்குப் பொறுக்கவில்லை.

"யாக்கோப்பு, அந்தப் பட்டுப்போன கொப்பை இறக்கு," என்றேன்.

இவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏன்? என்னத்துக்கு?"

"குசினிக்கு. எனக்குப் பசிக்குது. கஞ்சி வையுங்கோ."

நான் பசியென்று கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. இவர் அந்தக் கொப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குசினிக்குள் போனார். கொப்பு முறிக்கிற சத்தமும், ஊதாங்குழலில் ஊதுகிற சத்தமும் கேட்டன.

கோப்பையைக் கொண்டுவந்து தந்துவிட்டு என் காலடியில் நிலத்தில் இருந்தார். எனக்குப் பசி இருக்கவில்லை. ஒரு மிடறு இறங்குவதே பெரும்பாடாக இருந்தது. இவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் முழுவதையும் குடித்தேன்.